படுக்கையின் மீது பழி

தமிழில் ஒரு சொல் பல காலமாய், எவரும் ஐயுறாமல், நம் நாவிலும் ஏட்டிலும் உலவி வருகிறது. 'படுக்கைப்புண்' என்பது அச்சொல். எழுந்து நடமாட இயலாமல் கிடையாய்க் கிடப்போரின் இடுப்பிலும் குதிகாலிலும் தோன்றி, தோலைத் தின்று, தசையைத் தின்று, சிலபோது எலும்பையும் வெளிக்காட்டிவிடும் கொடும்புண்ணுக்கு நாம் இட்ட பெயர் அது. வெறும் பெயர்தானே என்று அதனை விட்டுவிட எனக்கு மனமில்லை. அஃது ஒரு குற்றப்பத்திரிகை. குற்றவாளி இன்னார் என்று அது விரல் நீட்டுகிறது. அந்த விரல் தவறான திசையில் நீண்டிருக்கிறது என்பதே என் வழக்கு.

தமிழாசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று வகுப்பறையில் நாள்தோறும் பிரித்துக் காட்டுகிறவர்கள் அவர்கள். படுக்கைப்புண் காரணப்பெயர், ஐயமில்லை. தொகையை விரித்தால் 'படுக்கையால் ஆகிய புண்' என்று மூன்றாம் வேற்றுமையில் விரியும். காரணம் படுக்கை என்றாகிவிடுகிறது. "அன்று, படுக்கையின்கண் தோன்றும் புண் என ஏழாம் வேற்றுமையில் விரிப்போம்" என்று ஒருவர் வாதாடலாம். அதுவும் நில்லாது. சக்கர நாற்காலியில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவருக்கு உட்காரும் எலும்பின் அடியில் இதே புண் வருகிறது. உயிர்வளிக் குழாய் அழுத்திய காதின் மேல் வருகிறது. மாவுக்கட்டு இறுகிய காலில் வருகிறது. இவற்றுள் எங்கே படுக்கை? எல்லாவற்றுக்கும் பொதுவாய் நிற்பது அழுத்தம் ஒன்றே. ஆகவே 'அழுத்தப்புண்' என்பதே உண்மையான காரணப்பெயர். அச்சொல் நம்மிடம் இல்லாமலில்லை. மருத்துவம் எழுதுவோர் சிலர் கையாள்கின்றனர். நாம்தான் அதனை வீட்டுக்குள் அழைக்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு ஒரு மறுமொழி உண்டு. புண்ணுக்குக் காரணம் படுக்கை என்று ஒரு குடும்பம் நம்பினால், அது என்ன செய்யும்? வேறு படுக்கை வாங்கும். தந்தையார் பக்கவாதத்தால் விழுந்த மறுவாரமே பிள்ளைகள் ஆளுக்கொரு பங்கு போட்டு, ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து, விசையால் ஏறி இறங்கும் கட்டிலும் காற்றேற்றும் மெத்தையும் வாங்கி வருகிறார்கள். கடமை தீர்ந்தது என்று மூச்சு விடுகிறார்கள். சொல் ஒன்று மக்களைக் கடைக்கு அனுப்பிவிட்டது. நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டிய கைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டது.

புண் எப்படி வருகிறது என்பதைச் சற்றே பார்ப்போம். உள்ளே எலும்பு, வெளியே மெத்தை, இரண்டுக்கும் இடையே தோலும் தசையும். உடலின் எடை எலும்பின் வழியாக இறங்கி அந்த மெல்லிய தசையை நசுக்குகிறது. நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுகின்றன. குருதி இல்லையேல் உயிர்வளி இல்லை. உயிர்வளி இல்லையேல் தசை மடிகிறது. பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் அழிவு முதலில் தொடங்குகிறது. மேலே தோல் திறக்கும் நாளில் உள்ளே ஒரு குகையே உருவாகியிருக்கலாம். "நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று காலை திடீரென்று புண்" என்று வீட்டார் திகைப்பது இதனால்தான். அது திடீரென்று வந்ததன்று.

நலமாயிருப்பவருக்கு ஏன் வரவில்லை? நாம் உறக்கத்திலும் அசைகிறோம். நம்மை அறியாமலே உடல் நம்மைத் திருப்பிப் போடுகிறது. 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித்தும் ஷெர்வினும் முதிய நோயாளிகள் இரவில் எத்தனை முறை அசைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தனர். ஓரிரவில் 50 முறையோ அதற்கு மேலோ அசைந்தவர் எவருக்கும் புண் வரவில்லை. 20 முறையும் அதற்குக் குறைவுமாய் அசைந்தவருள் பத்துக்கு ஒன்பதின்மருக்கு வந்தது. உடல் மறந்துவிட்ட அந்த அசைவைப் பிறர் கை செய்து கொடுக்க வேண்டும். மருத்துவத்தின் சாரம் அவ்வளவே.

இங்கே நம்மவர்க்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பாடநூல்கள் பலவும் முதல் அறிகுறி தோல் சிவத்தல் என்கின்றன. விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்காமல் நின்றால் எச்சரிக்கை என்கின்றன. யாருடைய தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது? வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. கருநீலமாய், ஊதாவாய், சுற்றுத்தோலைவிடச் சற்றே கறுத்துத் தோன்றும். சிலபோது கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாது. தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடம் சுடுகிறதா, குளிர்ந்திருக்கிறதா, சுற்றுத் தசையைவிடக் கெட்டியாயிருக்கிறதா, கொழகொழவென்றிருக்கிறதா, தொட்டால் நோகிறதா என்று புறங்கையால் அறிய வேண்டும். நம் தாய்தந்தையரின் தோலுக்கு இதுவே பாடம். எந்தக் கட்டிலும் இதனைச் செய்து தராது.

பழி சுமத்தும் வரலாறு பழையது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் புகழோங்கியிருந்த நரம்பியல் மேதை ஷார்கோ, நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டாருக்கு வரும் இப்புண் அந்த நரம்புக் கேட்டின் விளைவே, சாவின் முன்னறிவிப்பே என்று கற்பித்தார். நரம்பின் மேல் பழி போட்டாயிற்று. இனி மருத்துவர் கை கட்டி நிற்கலாம். அவருக்கு முன்பே, 1850களில், பிரௌன்-செக்கார் என்னும் அறிஞர் தண்டுவடம் அறுபட்ட விலங்குகளை அழுத்தமின்றியும் தூய்மையாகவும் வைத்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். மேதையின் குரலுக்கு முன்னே அந்த உண்மை எடுபடவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோ பழியை நோயின் மேலிருந்து எடுத்துத் தாதிமையின் மேல் வைத்தார். அது நேர்மையான துணிவு. ஆனாலும் இரவில் ஒரு கூடம் நிறைய நோயாளிகளுக்கு இரண்டு மூன்று தாதியரை விட்டுவிட்டு, புண் வந்தபின் அவர்களைக் கூண்டில் ஏற்றுவதற்கும் அந்தத் துணிவே பிற்காலத்தில் பயன்பட்டது. இன்று பழி படுக்கையின் மேல் இறங்கியிருக்கிறது. பேசாப் பொருளாகையால் அது மறுத்துரைப்பதில்லை.

முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்த வீரர்களுள் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் மாண்டனர். அந்த விதியை மாற்றியவர் லுட்விக் குட்மன். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்த யூத மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கொணர்ந்த புதுமை என்ன? இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், நோயாளியைத் திருப்பிப் போடுவது! அதற்கென்றே ஆட்களைக் குழுவாய் அமைத்தார். நள்ளிரவில் தாமே கூடத்துக்கு வந்து, திருப்பினார்களா என்று பார்த்தார். பஞ்சணைகளும் இரப்பர் நுரைத் துண்டுகளும் அங்கே உதவின. ஆனால் அவை கைக்குத் துணை. மாண்டு போவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் அங்கே எழுந்து உட்கார்ந்தார்கள்; வில்லெடுத்து அம்பெய்தார்கள். 1948இல் அம்மருத்துவமனைப் புல்வெளியில் நடந்த அந்தப் போட்டியே வளர்ந்து, இன்று உலகம் கொண்டாடும் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் விளையாட்டாயிற்று.

சிறப்புப் படுக்கைகளை நான் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டா. அவற்றின் பின்னே அரிய அறிவும் அன்பும் இருக்கின்றன. 1830களில் லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னட், தொட்டியில் நீர் நிரப்பி, மேலே இரப்பர் பூசிய துணியை விரித்து, நோயாளியை நீர்மேல் மிதப்பதுபோல் கிடத்தினார். நீர்ப்படுக்கையின் தொடக்கம் அதுவே. யாரும் செய்து கொள்ளட்டும் என்று அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. இன்றைய வணிகர் காதில் இது விழ வேண்டும். 1960களில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் ஹார்கெஸ்ட் என்பார், மணல்போல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தொட்டியில் நிரப்பி, கீழிருந்து வெதுவெதுப்பான காற்றை ஊதினார். மணிகள் நீர்போல் இளகின. நோயாளி அவற்றின்மேல் மிதந்தார். தீக்காயம் பட்டவர்க்கும், எப்பக்கம் திருப்பினாலும் புண்மேல் படுக்க வேண்டியவர்க்கும் அது பெரும்பேறு. அதன் எடை ஒரு டன்னை நெருங்கும். வறண்ட காற்று உடலின் நீரை உறிஞ்சிக் கொள்ளும். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பது அதில் கடினம். இங்கிலாந்தில் ஸ்கேல்ஸ் என்பார் முயற்சியில் உருவான படுக்கையோ, காற்றைச் சிறிது சிறிதாய்க் கசியவிட்டுத் தோலை உலர வைக்கிறது. நம் வீடுகளில் மிகுதியாய்க் காணப்படும் 'ரிப்பிள் மெத்தை'யில் அறைகள் மாறி மாறி ஊதிச் சுருங்கும். இவை ஒவ்வொன்றும் அழுத்தத்தைப் பரப்பும், அல்லது இடம் மாற்றும். எதுவும் அதனை ஒழிப்பதில்லை. புவியீர்ப்பு இருக்கும்வரை ஒழிக்கவும் முடியாது.

படுக்கை வருணனை நமக்குப் புதிதன்று. ஐந்து வகைப் பொருள் அடுக்கிய பஞ்சசயனத்தை அறிந்தவர்கள் நாம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் தந்தக்கால் கட்டிலைப் புலவர் எவ்வளவு நுணுக்கமாய்ச் சொல்லிச் செல்கிறார்! அத்தனை மென்மையின் மேலும் அரசிக்கு உறக்கம் வரவில்லை என்பதையும் மாணவர்க்கு நாம்தான் விளக்குகிறோம். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பும் மெத்தைக்குள் இருக்கிறது. 1929இல் டன்லப் நிறுவனத்தார் இரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து, பின்னர் அதனை மெத்தையாக்கியபின், அவர்கள் விடியலில் சேர்த்த பால் யார் யாருடைய முதுகின் கீழோ போய்ச் சேர்ந்தது. வெட்டியவர் படுத்தது பலகையில்.

விலைக்கேற்ற வேறுபாடு உண்டா என்று கேட்போம். பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் பிற பராமரிப்பு இடங்களிலும் 2,029 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மாறி மாறி ஊதும் காற்று மெத்தையும், மறு கூறுக்குத் தரமான நுரை மெத்தையும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 2019இல் வெளிவந்தது. காற்று மெத்தையில் 100க்கு 6.9 பேருக்கும், நுரை மெத்தையில் 100க்கு 8.9 பேருக்கும் தோல் உடைந்த புண் வந்தது. இந்தச் சிறு இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், ஒன்று மற்றொன்றை வென்றதாய்க் கொள்ள முடியவில்லை. சாதாரணப் பழைய மெத்தையைவிடத் தரமான நுரை மெத்தை மேல் என்பதற்குச் சான்று உண்டு. அதற்கு மேலே பன்மடங்கு விலை கொடுத்து ஏறுவது எல்லாருக்கும் தேவையானதன்று.

விளம்பரத் தாள்களில் 32 என்றோர் எண் மந்திரம்போல் வரும். எங்கள் மெத்தையில் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே. ஆகவே புண் வராது என்பார்கள். அந்த எண் 1930இல் லாண்டிஸ் என்னும் ஆய்வாளர் நலமான மனிதரின் நகத்தடியில் உள்ள நுண்குழாய்களில் அளந்தது. நகத்தடியில் அளந்ததை எண்பது வயது மூதாட்டியின் இடுப்பெலும்புக்கு எல்லைக்கோடாய் வைப்பது எந்த அறிவு? புண்ணை விளைப்பது அழுத்தத்தின் அளவு மட்டுமன்று, அது நீடிக்கும் நேரமும்தான். நாய்களை வைத்து 1959இல் கோசியாக் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. மிகுந்த அழுத்தம் சிறிது நேரத்திலும், குறைந்த அழுத்தம் நெடுநேரத்திலும் அதே கேட்டைச் செய்யும்.

தமிழில் 'புரட்டு' என்பதற்கு இரு பொருள் உண்டு. இந்தப் படுக்கை வாங்கினால் நோயாளியைப் புரட்ட வேண்டியதே இல்லை என்று எவரேனும் சொன்னால், அதனை இரண்டாம் பொருளில் கொள்க.

வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். காற்று மெத்தை வந்திறங்கும். அதன்மேல் நனையாதிருக்க ஓர் இரப்பர் விரிப்பு. அதன்மேல் பழைய போர்வை நான்காய் மடித்து. அதன்மேல் ஒரு கைலி. அதன்மேல் உறிஞ்சு துணி. கீழே அறைகள் ஊதியும் சுருங்கியும் உழைத்துக் கொண்டிருக்க, மேலே நோயாளி மடிப்புகளின் மேல் கிடப்பார். உணவூட்டவும் தொலைக்காட்சி காட்டவும் தலைப்பக்கம் உயர்த்தப்படும். முழங்காலை முதலில் உயர்த்தாமல் தலையை மட்டும் உயர்த்தினால் உடல் கீழே சறுக்கும். தோல் விரிப்பில் ஒட்டி நிற்க எலும்பு உள்ளே நழுவும். இடையிலுள்ள குழாய்கள் முறுகிக் கிழியும். விலையுயர்ந்த கட்டிலின் விசையே இங்கே கேடு செய்கிறது. எந்திரம் ஒலி எழுப்பினால் உறக்கம் கெடுகிறதென்று வாயடைத்து விடுவார்கள். மெத்தை தட்டையாகிக் கிடப்பதை யாரும் அறியார். இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தால் போதும்: ஓரங்குலத் தடிப்புக்கூடக் கையில் படவில்லையென்றால் அவர் கட்டிலின் சட்டத்தில் படுத்திருக்கிறார். வளையம்போன்ற இரப்பர்த் தலையணை வேறு! அது நடுவே புண்ணை ஒதுக்கிச் சுற்றிலும் குருதியை நெருக்குகிறது. கையுறையில் நீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும் அப்படியே. குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். கெண்டைக்காலின் அடியில் நீளத் தலையணை ஒன்று வைத்தால் ஆயிற்று. சிவந்த இடத்தை எண்ணெயிட்டுத் தேய்ப்பதும் நசுங்கிய தசையை மேலும் நசுக்குவதே. அம்மை கண்டாரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் குளிர்ச்சி தரும். எலும்பின் எடையை அது தாங்காது.

எல்லா வசதியும் இருந்தால் வராது என்பாரும் உண்டு. திரையில் மேலுலக வீரனாய்ப் பறந்த நடிகர் கிறிஸ்டபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப் போனார். அவருக்கு இல்லாத கட்டிலா, இல்லாத தாதியரா? 2004 அக்டோபரில் அவர் மறைந்தபோது அழுத்தப்புண்ணில் ஏறிய தொற்றுக்குத்தான் மருத்துவம் நடந்து கொண்டிருந்தது. மிகச் சிறந்த பராமரிப்பிலும் சிலருக்கு வந்தே தீரும். அதனால்தான் புண் வந்த வீட்டாரையெல்லாம் குற்றவாளி என்று சொல்ல நான் வரவில்லை. கருவியை வாங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாரையே சொல்கிறேன்.

இனி, எல்லாரும் தவிர்க்கும் கேள்விக்கு வருவோம். இரவு இரண்டு மணிக்குத் திருப்பிப் போடுவது யார்? நான்கு மணிக்கு? மகனல்லன். பல வீடுகளில் மருமகளுமல்லள். இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ தமிழகத்துச் சிற்றூரிலிருந்தோ தன் குழந்தையை விட்டுவிட்டு வந்த பணிப்பெண். பகலெல்லாம் சமையல், துவையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல். இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை எழுதல். பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வென்று சிங்கப்பூர் 2013இல்தான் விதித்தது. பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத ஓய்வுநாள் மாதம் ஒன்றாவது தந்தே ஆக வேண்டும் என்றது 2023இல். உறங்காத கை எத்தனை நாள் சரியாய்த் திருப்பும்? அவள் அயர்ந்துபோன ஓர் இரவுக்குப் பின் புண் வந்தால், "அவள் கவனிக்கவில்லை" என்று பழி அங்கே போய் விழுகிறது. நைட்டிங்கேல் காலத்துப் பழி, ஊதியம் குறைந்த ஒருத்தியின் தலையில்.

நல்ல மெத்தையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 942 பேரை அடர்ந்த நுரை மெத்தையில் கிடத்தி, சிலரை 2 மணிக்கொரு முறையும், சிலரை 3 மணிக்கும், சிலரை 4 மணிக்கும் திருப்பிப் பார்த்து 2013இல் வெளியிட்டனர். மூன்று வாரத்தில் மூன்று கூறுக்கும் இடையே புண்ணில் வேறுபாடு காணப்படவில்லை. எல்லாருக்கும் 4 மணி போதும் என்று இதற்குப் பொருளன்று. மிகவும் நலிந்தவருக்கும் புண் வந்துவிட்டவருக்கும் மருத்துவரோ தாதியோ நேரம் குறிக்க வேண்டும், திருப்பும்தோறும் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆயினும் பலருக்கு, மெத்தை தருவது அந்த இரண்டு மணி நேரமே. பராமரிப்பவரின் தொடர்ந்த உறக்கம். அதற்காக மெத்தை வாங்குங்கள், நான் கைதட்டுவேன். மிச்சமாகும் வெள்ளியில் முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள்; உடலில் புரதம் இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது. வார இறுதி இரவுகளில் பணிப்பெண்ணை உறங்கவிட்டுப் பிள்ளைகளே எழுந்து திருப்புங்கள். முப்பது பாகைச் சாய்வில் முதுகின் பின் தலையணை வைத்துக் கிடத்தக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும், பட்டம் தேவையில்லை.

"அழுத்தப்புண் என்றால் மக்களுக்குப் புரியுமா?" என்று சொல்லாக்க அன்பர் ஒருவர் கேட்கக்கூடும். ஆங்கிலேயரும் முதலில் படுக்கைப்புண் என்றுதான் சொன்னார்கள். பிறகு அழுத்தப்புண் என்றார்கள். 2016இல் அமெரிக்க வல்லுநர் குழு, தோல் திறவாத நிலையையும் சேர்க்க வேண்டுமென்று அழுத்தக் காயம் என்று மாற்றிக் கொண்டது. அவர்கள் சொல்லைத் திருத்தத் திருத்த மருத்துவமும் திருந்தியது. நம் மக்களோ சொல்லாக்கத்தில் எவருக்கும் இளைத்தவரல்லர். இந்நாட்டில் நீரிழிவை 'இனிப்புநீர்' என்று சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். எந்தக் குழுவும் கூடி அவர்களுக்கு அச்சொல்லை ஆக்கித் தரவில்லை. அந்த இனிப்புநீர் வந்து காலில் உணர்ச்சி செத்துப் போனவருக்குக் குதிகாலில் எளிதில் வரக்கூடியதும் இந்த அழுத்தப்புண்தான். அடுத்த முறை உடல்நலக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், கரும்பலகையில் அச்சொல்லை எழுதி, மாணவரை விட்டே தொகையை விரிக்கச் சொல்லட்டும்.